மெஷின்லதான் கோளாறு

"என்ன வேலைக்கு சார் கம்ப்யூட்டர்?" என்று கடைக்காரம்மா கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் ஒருவழியாகக் கேட்டுவிட்டதுபோல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஷூ டிசைன் பண்றேம்மா. நான் போடற கோட்டை வெச்சுத்தான் அச்சு வெட்டுவாங்க. அதுல மயிரிழை பிசகினாலும் போட்டு நடக்கறவன் காலைக் கடிச்சிரும்."

பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி, கண்ணாடி மேஜை வழியே தெரிந்த அவருடைய வலது கையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அது அவர் தொடைக்கு அடியில் செருகியிருந்தது. கொஞ்ச நாளாக எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான். கேட்டால், ஏசி குளிருது என்பார்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். ஊரே டீச்சர் என்று கூப்பிட, அவரும் கேலியாக ஆரம்பித்து, பிறகு அதுவே அவளுக்குப் பேராகிவிட்டது. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் அவரை 'ஒரே இழுப்பு' என்பார்கள். மற்றவர்கள் ஒரு ஷூவின் பக்கவாட்டுக் கோட்டை நாலு துண்டாகப் போட்டு ஒட்டவைத்து, இழைத்து, நேர்செய்துகொண்டிருக்க, இவர் மூச்சை இழுத்துப் பிடித்து, நுனியில் பேனாவை வைத்தால் குதிகாலில்தான் எடுப்பார். தனியாக வீட்டிலிருந்தே தொழில் செய்ய வந்த பிறகும் கம்பெனிகள் தேடி வந்தது அந்தக் கோட்டுக்காகத்தான்.

அந்தக் கோடுதான் இப்போது சரியாக வருவதில்லை. ஓரத்தில் பூச்சி அரித்தமாதிரி இருந்தது. வெகுகாலமாக வேலை கொடுத்துவந்த கம்பெனி ஒரு படத்தைத் திருப்பியே அனுப்பிவிட்டது. அவர் முதலில் மவுஸை மாற்றினார். பிறகு கம்ப்யூட்டரில் வரையும் பேனாவை. பிறகு மேஜை ஆடுகிறது என்று காலுக்கு அட்டை மடித்து வைத்தார். கரண்டில் ஏற்ற இறக்கம் என்று எலெக்ட்ரீசியனை வரவழைத்தார். அவன் வந்து பார்த்துவிட்டு டீ குடித்துப் போனான். ஒருநாள் டீச்சர் விளையாட்டாக, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லிவிட்டாள். அவரும் சிரித்தார். அன்று மதியம் அவர் சட்டையின் மேல் பொத்தானோடு கண்ணாடி முன்னால் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோலத் தம் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தன. அந்தப் பழமொழியை எச்சிலோடு விழுங்கிவிட முடிந்தால் விழுங்கியிருப்பாள்.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. காபியை முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்றவேண்டாம் என்றார். பேங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பக் கேட்டார்கள். ஒரு தடவை மட்டும் டீச்சர் வாயைத் திறந்தாள். "எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட..." அவர் முடிக்கவிடவில்லை. "கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லன்னா எனக்கு எதுக்குடி ஊசி?" என்று சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். கொஞ்சம் அதிக நேரம் சிரித்தமாதிரி இருந்தது அவளுக்கு.

கடைக்காரம்மா விவரமானவள். வளைவு வரைவதற்கு பிராசஸரில் ஒரு கோர் வேகமாக ஓடினால் போதும், ஆனால் தோலின் பளபளப்பு, தையல் எல்லாம் தெரிய ரெண்டர் எடுப்பதற்கு நிறைய கோர் வேண்டும் என்றாள். "ஒரே ஆளு ஓடவும் செய்யணும், மூட்டையும் தூக்கணும்னா விலை ஏறத்தான் சார் செய்யும்." மெமரி எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு எது, சூடு தணிக்க எத்தனை விசிறி என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"பழசுல கோடு நடுங்குதும்மா. அது இதுல வராதுல்ல?"

"டிரைவர் பழசா இருக்கலாம். கார்டு திணறலாம். மெஷினை ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்களேன் சார். மெமரியை மட்டும் கூட்டினாக்கூடப் போதுமா இருக்கும்."

"கார்டு திணறுது. அதேதான்!" என்றார் அவர். "கொண்டுவர்றதெல்லாம் வேணாம்மா. அதைத் தலைமுழுகியாச்சு."

கடையின் கோடியில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்ட அதே ரகம். அவர் முதலில் விசாரித்த, திரையின்மீதே வரையும்படியான அகலமான பேனா திரையும் அதோடு இருந்தது. போட்டுப் பாருங்க என்றாள் கடைக்காரம்மா. அவர் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, எழுந்து மனைவியோடு அங்கே போய், உள்ளங்கையை வேட்டிக்காரர்கள் துடைப்பதுபோலப் பேண்டில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். நுனியில் வைத்தார்.

கோடு ரம்பமாக வந்தது.

அழித்தார். மறுபடி போட்டார். இந்தமுறை கழுத்து நரம்பு புடைத்தது. கோட்டில் பற்கள் இன்னும் பெரிதாக இருந்தன.

"இதுவும் சரியில்லையேம்மா," என்று சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "டீச்சர், நீ ஒண்ணு போடு. பாப்போம்."

பேனா அவள் கைக்கு வந்தது. கரும்பலகையில் கயிறோ காம்பஸோ இல்லாமல் வட்டம் போட்டால் பிள்ளைகள் கைதட்டுகிற கை அது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், ரிசல்ட் பார்க்க நிற்கும் பையனைப்போல. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். பண்ணிய பிறகு எத்தனை சொல்லலாம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. டீச்சர் முழங்கையைத் தளர்த்தி, மணிக்கட்டை உதறவிட்டு, தன்னால் முடிந்த அளவு மோசமாக ஒரு கோட்டை இழுத்தாள்.

"பாத்தியா!" அவர் குரல் அந்தக் கடை முழுக்கக் கேட்டது. "நான் சொன்னேன்ல? மெஷின்லதான் கோளாறு!"

எத்தனையோ நாள் கழித்து அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அந்த ஒரு நொடி டீச்சருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, தான் போட்ட கோட்டைத் தானே நம்பிவிட்டமாதிரி.

ஆனால் கடைக்காரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருங்க சார், இன்னிக்குக் காலைலதான் பாகமெல்லாம் சேத்துப் பூட்டினேன். என் கையால பூட்டினது," என்று பேனாவை வாங்கி, நின்றபடியே விறுவிறுவென்று இழுத்தாள். கோடு எண்ணெய் வழிந்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று போட்டாள். அதுவும் அப்படியே. "நல்லாத்தானே வருது? மேடம் ரொம்ப அழுத்திட்டீங்க போலிருக்கு."

அவர் திரையைப் பார்க்கவில்லை. கைப்பையின்மேல் அசையாமல் கிடந்த மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை. அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அதற்கு முன் போட்ட இரண்டு கோடுகளும் திரையில் அப்படியே இருந்தன, அவருடையதும் அவளுடையதும், ஒன்றுக்கொன்று ஜாடை தெரிகிற மாதிரி.

என்னவோ நடந்துவிட்டது என்று கடைக்காரம்மாவுக்குப் பட்டிருக்கவேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "கை கொஞ்சம் அசைஞ்சாலும் கோட்டை அதுவே நேராக்கிக் குடுக்கற செட்டிங் இருக்கு சார். போட்டுத் தரட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா. அப்ப அது மெஷின் போட்ட கோடா இருக்கும்." கொஞ்ச நேரம் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "மெஷினுக்கு பில் போட்டுடுங்க. ரெண்டருக்கு என்ன வேணுமோ அது இருந்தாப் போதும். முடியாம கெடக்கற வேலையை முடிச்சுக் குடுத்துடறேன். இந்தப் பேனா திரை மட்டும் வேணாம்."

"அதுதானே சார் முதல்ல கேட்டீங்க?"

"ஆமாம்மா. கேட்டேன்."

பெட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டுக் கடைக்காரம்மா உள்ளே போனாள். வெளியே வெயிலில் கண் கூசியது. இருவரும் காருக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பொத்தான் போட முடியாம நின்னீங்களே, அன்னிலேர்ந்து சந்தேகம். உங்க தங்கச்சி வந்திருந்தப்ப உறுதியாச்சு. அவளுக்குக் காபி நீட்டினீங்க. பாதி தட்டுல இருந்துது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நெசமாயிடும்னு இருந்துதுங்க."

அவர் மெல்லத் தலையாட்டினார். அந்த பதிலில் கோபப்பட எதுவும் அகப்படவில்லை போலிருந்தது. தெருவில் ஒரு கார் வேகத்தைக் குறைத்து, இவர்கள் கிளம்பினால் அந்த இடத்தில் நிறுத்தலாம் என்று காத்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். டீச்சர் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாளே தவிர, அவர் பக்கத்தில் இருக்கும்போது ஒருநாளும் ஓட்டியதில்லை. உன் பக்கத்துல உட்கார்ந்தா இல்லாத பிரேக்கை மிதிச்சே என் கால் வீங்கிடும் என்று சொல்லி அவர் விட்டதேயில்லை.

"நீயே ஓட்டு," என்று நீட்டினார்.

அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அதில் சாவிகள் ஒன்றோடொன்று உரசிச் சின்னதாக, விடாமல், சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. காத்திருந்த காரின் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை.