கோட்டைக் கிணற்றுக் கோமு

ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே இருக்கிற கோட்டை பங்களாவில் பேய் இருக்கிறது என்று சொல்லாத வாய் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. வெள்ளைச் சேலை, விரித்த தலை, நடுராத்திரியில் சிரிப்பு, ஜமீன்தார் ஏமாற்றியதால் படிக்கிணற்றில் விழுந்து செத்தவள். ஆளாளுக்குக் கொஞ்சம் உப்பும் புளியும் போட்டு, கதை நன்றாகவே வெந்துபோயிருந்தது.

சுகிர்தாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்தக் கிணற்றில் செத்தது அவள் அப்பாவின் தங்கை கோமு. பங்களாவில் கொலு பார்க்கப் போன இடத்தில், கால் கழுவப் படியிறங்கி, பாசி வழுக்கி விழுந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை. சேலை கட்டுகிற வயதே வரவில்லை. பாவாடை சட்டைக்காரியைப் பிடித்து எவனோ ஒரு ஜமீன்தாரின் ஆசைநாயகி ஆக்கிவிட்டது ஊர். வெட்கம்கெட்ட ஊர் என்று சுகிர்தா வாய்விட்டே திட்டுவாள்.

வீட்டில் கோமுதான் கன்னி. கல்யாணம் காணாமல் போன பெண்பிள்ளையை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுகிற குடும்பம் அது. ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், சாந்துப்பொட்டு எல்லாம் வைத்து வருஷம் தவறாமல் படைப்பார்கள். ஆனாலும், விழுந்த இடத்தில் ஒரு தடவை படைத்து அழைத்து வராமல் தங்கை வீடு வந்து சேரமாட்டாள் என்பது அப்பா திருஞானசம்பந்தத்தின் மனக்குறை. பங்களாவின் பழைய சொந்தக்காரர்களான அரண்மனைக்காரர்கள் அவரை உள்ளே விட்டதில்லை. பங்களாவை வாங்கி விடுதியாக்கிய செந்தில்முருகனும் விடவில்லை.

"பேய் இருக்குன்னாத்தான் அண்ணாச்சி வெளியூர்க்காரன் வாரான். கன்னிக்குப் படைச்சு அத சாமியாக்கிட்டா எவன் வருவான்?" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினான். அன்றைக்கு அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. 'அது என் தங்கச்சி' என்று அவர் வெளியாட்களிடம் சொன்னதே இல்லை. பேய்க்கதையை யாராவது எடுத்தால் பைய எழுந்து போய்விடுவார். அந்த எழுந்து போவதுதான் சுகிர்தாவுக்குப் பொறுக்கவில்லை.

அதனால், 'பேய்க்கோட்டையில் புதையல் வேட்டை' என்று செந்தில்முருகன் விளம்பரம் போட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். இரண்டு பேர் ஓர் அணி. வண்ணார்பேட்டையில் மின்வாரிய அலுவலகத்தில் அவளோடு வேலை பார்க்கும் அஃப்ராவை இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து இறங்கினாள்.

"புதையல் எடுக்க வாரவ எதுக்குட்டி இம்புட்டுப் பெரிய பை கொண்டாந்திருக்க?" என்றாள் அஃப்ரா.

"எங்க அத்தைக்குத் துணிமணி."

அஃப்ராவுக்குக் கதை தெரியும். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

குதிரை லாயத்தில் முதல் குறிப்பு, நெல் குவித்துவைக்கும் கொட்டாரத்தில் அடுத்தது. அங்கே இருந்த சீட்டில், 'சிரிப்பவள் குளிக்கும் இடத்தில் செல்வம் இருக்கும்' என்று எழுதியிருந்தது. எல்லா அணிகளும் அந்தப்புரத்துக் குளியலறையைப் பார்த்து ஓடின. சுகிர்தா ஓடவில்லை. கிணற்றங்கரைக்கு நடந்தாள்.

கிணற்று மேட்டில் புங்கமரக் கிளையிலிருந்து ஒரு பொம்மை தொங்கியது. வெள்ளைச் சேலை, இடுப்புவரை சவுரிமுடி, ரத்தமாகச் சிவப்புச் சாயம். ஆள் பக்கத்தில் வந்ததும் தலையை ஆட்டி, ஒலிபெருக்கியில் கெக்கலிகொட்டிச் சிரித்தது. சுகிர்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மரத்தடியில் ஓடிய வயரைப் பிடித்துக்கொண்டே போய் பிளக்கைப் பிடுங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது. பொம்மையை இறக்கி, சேலையை உருவி மடித்து ஓரமாக வைத்தாள்.

மேல்படி மாடத்தில் புதையல் பெட்டி இருந்தது. திறந்தால் வெள்ளிக்காசுகள்.

"செயிச்சிட்டோம்ட்டி," என்றாள் அஃப்ரா.

சுகிர்தா பெட்டியை மூடி, படியில் வைத்து, அதன்மேல் வாழையிலையை விரித்தாள். பச்சைப் பட்டுப்பாவாடை, சட்டை, வளையல், சாந்து, பிச்சிப்பூ, வீட்டில் இடித்துக் கொண்டுவந்த மாவிளக்கு. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கை ஏற்றினாள்.

"அப்போ காசு?"

"அதுவும் அவளுக்குத்தான்."

"நல்ல ஆளு கூடத்தான் கூட்டுச் சேந்தேன் போ," என்று சொல்லிவிட்டு, காற்றில் விளக்கு அணையாமல் இருக்கத் தன் துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள் அஃப்ரா.

மற்ற அணிகள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தன. முன்னால் வந்தவர்கள் பெட்டியைத்தான் தேடினார்கள். பாவாடையைப் பார்த்ததும் கால்கள் தாமாக நின்றன. ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கன்னியா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. எங்க அத்தை. பேரு கோமு," என்றாள் சுகிர்தா, கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி.

செந்தில்முருகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "யாரைக் கேட்டு மேடம் இங்கன இதெல்லாம் வச்சிய? எடுங்க."

"நீங்களே எடுங்க."

குனிந்து கையை நீட்டினான். பாவாடைக்கு ஒரு சாண் மேலே கை நின்றுவிட்டது. அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். கன்னிக்கு வைத்ததை அந்த வீட்டு ஆள் தவிர வேறு கை தொடக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும். அவன் வீட்டுப் பரணிலும் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. வெள்ளைச் சேலைப் பேயை அவன் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஆட்டலாம், இந்தப் பாவாடையை ஒரு விரல் நகர்த்த முடியாது. கையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"எம் பொழப்பக் கெடுக்கியளே மேடம்."

"எங்க அத்தையத் தொங்கவிட்டுத்தான் நீங்க பொழைக்கணுமா?"

கூட்டத்தில் ஒருவரும் அவனுக்குப் பரிந்து பேசவில்லை. அவன் குரல் இறங்கியது. "சரி, கும்பிட்டாச்சுல்லா. நீங்களே எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

"அவ கூடப்பொறந்தவரு வந்து கூப்பிடாம ஒண்ணையும் எடுக்க மாட்டேன்," என்ற சுகிர்தா அவன் கண்ணெதிரிலேயே வீட்டுக்குப் போன் போட்டாள்.

விஷயத்தைக் கேட்ட அப்பா, எத்தனையோ தடவை திருப்பி அனுப்பப்பட்டவரின் தயக்கத்தோடு, "என்னைய உள்ள விடுவாங்களாம்மா?" என்றார்.

சுகிர்தா செந்தில்முருகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"விடுததுக்கு அவங்க யாருப்பா? நம்ம கோமு இங்கனதான இருக்கா. வாங்க."