வேண்டாம் என்றொரு படம்

பிறந்தநாள் கேக் ஒன்றின் விளிம்பில் வரிசையாக க்ரீம் ரோஜா சுற்றிக்கொண்டிருந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள். வேண்டாம் என்பதை எப்படி வரைவது என்று அப்போதுதான் பிடிபட்டது. க்ரீம் கூம்பைக் கீழே வைக்கக்கூட இல்லை. பக்கத்தில் கிடந்த தாளை இழுத்து, இளஞ்சிவப்பு க்ரீமிலேயே ஒரு தட்டு, அதைத் தள்ளிவிடும் சின்னக் கை, திரும்பிக்கொண்ட முகம் என்று மளமளவென்று போட்டாள். பேக்கரி முதலாளியம்மா எட்டிப் பார்த்தார்.

"யாரு கேட்டா இப்படி ஒரு டிசைன?"

"இது வேற கஸ்டமர்மா. ஆறு வயசு ஆகுது."

கஸ்டமர் என்றது அவள் மகள் சிட்டுவைத்தான். சிட்டுவுக்குக் காது நன்றாகக் கேட்கும். சொல்வதெல்லாம் புரியும். வாயில்தான் ஒரு சொல்லும் வராது. சனிக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவாள். பிள்ளைகள் உள்ளே போனதும் பெற்றவர்கள் வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்து, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த பெஞ்சில்தான் மூன்று பேர் ஒட்டிக்கொண்டார்கள். இவள் ஒருத்தி. வங்கிக்கு மென்பொருள் எழுதும் ஒருவன். அவனை எல்லோரும் கம்ப்யூட்டர் தம்பி என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது, ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் அக்கா. மூவர் வீட்டிலும் பேசாத பிள்ளை.

படத்தைத் தொட்டால் பேசும் செயலி ஒன்றை மூவருமே பிள்ளைகளுக்குப் பழக்கிப் பார்த்து அலுத்திருந்தார்கள். "தண்ணி படத்தத் தொட்டா சோப்பு விளம்பரம் வருது. அது முடியறதுக்குள்ள என் பையனுக்குத் தாகமே போயிடுது" என்று அக்கா ஒருநாள் பொரிந்து தள்ளியபோது, "நாமளே ஒண்ணு செஞ்சா என்னக்கா?" என்று கம்ப்யூட்டர் தம்பி விளையாட்டாகத்தான் கேட்டான். இவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு கட்டுப் படங்களோடு வந்து நின்றாள்.

அன்றிலிருந்து பெஞ்சுதான் அலுவலகம். தம்பி மடிக்கணினியை முழங்காலில் வைத்துத் தட்டுவான். குரலுக்கு முதலில் அக்காவைத்தான் பேசவைத்தார்கள். "எனக்குத் தண்ணி வேணும்" என்று அவர் சொன்னது, தாமதமாக வரும் வண்டிக்கு வருந்துகிறோம் என்பது போலவே இருந்தது. அக்காவே முதலில் சிரித்தார். கடைசியில் தம்பியின் மூத்த மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசிக் கொடுத்தாள். பிள்ளைக்குப் பிள்ளைக் குரல் என்று முடிவாயிற்று.

எல்லாம் ஓரளவு கூடிவந்தபோது இவளுக்கு ஒன்று உறுத்தியது. தண்ணி, சாப்பாடு, பால், பொம்மை, பாத்ரூம். திரையில் இருந்ததெல்லாம் கேட்கும் சொற்கள்.

"தம்பி, இதுல வேண்டாம்னு சொல்ல வழியே இல்லையே?"

"வேண்டாம்னா அதான் அழுவாங்களேக்கா."

"அழுகை வேற தம்பி, வேண்டாம் வேற."

அவன் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. "படம் குடுங்கக்கா. எல்லாப் பக்கத்துலயும் வைக்கிறேன்" என்றான். பெருக்கல் குறி போட்டுப் பார்த்தாள்; பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. கேக் மேசையில் பிறந்த அந்தத் தள்ளும் கைதான் விளங்கியது. அதோடு அப்பா, அம்மா, வலி, பயம் என்றும் படங்கள் சேர்ந்தன. தம்பியின் பையன் முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டு, ஐஸ்க்ரீமுக்குக்கூட வேண்டாம் அழுத்திவிட்டு, நீட்டியதை வாங்கி நக்கிக்கொண்டே மறுபடியும் அழுத்தினான்.

வீட்டில்தான் காற்று எதிராக அடித்தது. சிட்டுவின் அப்பா வயரிங் வேலை செய்கிறவர். பேச்சு குறைவு, கை பெரிது. மகள் என்றால் உயிர். பயிற்சி மையத்தின் வாசலை மட்டும் மிதித்ததில்லை.

"எம்பொண்ணு பேசுவா. அவளுக்குப் பதிலா போன் பேச ஆரம்பிச்சுட்டா அவ எதுக்கு வாயத் தொறக்கப் போறா? நீ அவளக் கைவிட்டுட்டேன்னுதான் அர்த்தம்."

பயிற்சி மையத்து டீச்சர் சொன்னதை எல்லாம் அவள் எடுத்துச் சொன்னாள். படத்தால் பேசப் பழகுகிற பிள்ளை வாயை மூடிக்கொண்டுவிடாது என்றாள். அவர் காதில் ஏறவில்லை. கைவிட்டுட்டே என்ற சொல் அவளுக்குள் முள்ளாய்க் கிடந்தது. ஆனாலும் அடுப்படியில் நின்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்: இவர் ஒத்துக்கொள்ளும்வரை என் பிள்ளை காத்திருக்க முடியாது.

சாயங்காலம் அவர் வந்ததும் அந்த வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. செருப்பைக் கழற்றிய கையோடு சிட்டுவை அள்ளிக் கூரை தொடுகிற மாதிரி தூக்கிப் போட்டுப் பிடிப்பார். அவள் கீச்சென்று கத்துவாள். அந்தக் கத்தலுக்காகத்தான் நாள் பூராவும் ஏணியில் நிற்பதாக அவர் சொல்வதுண்டு. அன்றும் கையை விரித்துக்கொண்டு குனிந்தார். சிட்டு இரண்டடி பின்வாங்கினாள். அம்மா செயலி போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்த போனை எடுத்தாள். விரல் நேராகப் போய் அழுத்தியது.

"வேண்டாம்."

மூக்கை உறிஞ்சும் அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் சிரித்தார். "தெரியாம அழுத்திட்டா" என்று மறுபடி குனிந்தார்.

"வேண்டாம். அப்பா. பயம்."

அப்பாவும் பயமும் வேறு வேறு பக்கத்தில் இருந்தன. தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக அழுத்தியிருந்தாள். விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. பிறகு மெல்லக் கீழே இறங்கின. அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"சந்தோஷத்துல கத்துறான்னுதானே இத்தன நாளா..."

அவளும் அந்தக் கத்தலைக் கேட்டு அடுப்படியிலிருந்து சிரித்தவள்தானே. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சிட்டு போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் பொம்மைகளிடம் போய்விட்டாள்.

சனிக்கிழமை அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு கூடவே வந்தார். பெஞ்சின் நுனியில் கையைக் கட்டி உட்கார்ந்து, தம்பி தட்டுவதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, அவ கேக்குறதுக்கு எல்லாம் இருக்கு. நான் அவளக் கேக்கணும். எங்கூட எப்படி விளையாடணும்னு. அதுக்கு வழி இருக்கா?"

"இருக்குண்ணே. புதுசா ஒரு பக்கம் போட்டுடலாம். படம்தான் வேணும்."

அன்று மத்தியானம் முழுக்க சிட்டுவின் அப்பா தலையணையைப் பிள்ளையாக வைத்துக்கொண்டு வீட்டில் நின்று, உட்கார்ந்து, மண்டியிட்டுக் காட்டினார். அவள் வரைந்தாள். தோளில் உட்காரவைப்பது. முதுகில் ஏற்றிக்கொண்டு யானை போவது. கையைப் பிடித்து மெதுவாகச் சுற்றுவது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கடைசிப் படத்துக்கு அவருக்கு எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை. "இப்படியா? இப்படியா?" என்று காலை மாற்றி மாற்றி மடக்கினார். தூக்கிப் போடுவதையும் வரையச் சொன்னார். "அதையும் வை. பிடிக்கலன்னா அவ சொல்லட்டும்."

இரண்டு நாளில் தம்பி அந்தப் பக்கத்தைச் சேர்த்து அனுப்பினான். சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கையை நீட்டவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, போனை நடுவில் வைத்தார்.

"சிட்டு, அப்பாகிட்ட சொல்லு."

அவள் எதிரே குந்தினாள். திரையை ஒருமுறை பார்த்தாள், அப்பா முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஆள்காட்டி விரல் மேலே எழுந்து, யானையின் மேல் ஒரு கணம், தோளின் மேல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. அவர் பெரிய கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.