அத்தானின் கிராபிக்ஸ் கார்டு

பழைய சின்ன மானிட்டருக்குப் பிராசசர் காட்டும் படமே போதும் என்று, படத்தை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு போடாமலே கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்திருந்தாள் கொழுந்தியாள். அத்தான் திறப்பு விழாவுக்கு வந்தவர்போலத் தொண்டையைச் செருமினார்.

“இதுல கேம் ஓடாதும்மா, தவழும். பிரிச்சு வித்துடு.”

“உங்களுதோட ஓட்டிப் பாப்போம் அத்தான். தோத்தா வித்துடறேன்.”

பிராசசர் இரண்டிலும் ஒன்றுதான். போன வருஷம் வாங்கிய கார்டு மட்டும் அத்தானின் தனிப்பெருமை. கார் பந்தயம் இரண்டிலும் ஒரே வேகத்தில் ஓடியது. சந்தேகப்பட்டு அவருடைய பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தாள். மானிட்டர் ஒயர் கார்டில் இல்லை, பிராசசர் படம் வரும் மதர்போர்டில் செருகியிருந்தது.

“ஒரு வருஷமா உங்க கார்டு சும்மாதான் உக்காந்திருக்கு அத்தான்.”

“எங்க வீட்டுக்காரர் மாதிரியே” என்றாள் அக்கா.

அத்தான் அசரவில்லை. “தேயக்கூடாதுன்னு வச்சிருந்தேன். நீ உன்னோடதை விக்காதே, இன்னொரு ரவுண்டு போடு.”