எதிர்த்துக் கேட்க ஓர் ஆள்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதலில் வருவது வாழைத்தார். அதை எடுப்பவன் நான். இப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனாலும் செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்க் கோயிலைச் சேர்ந்த யாரை நிறுத்திக் கேட்டாலும், "வாழைத்தாரா? அது தியோடருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

வெளியாட்களுக்கு இந்த ஏலம் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த காய், பழம், கோழி, கேக் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக ஏலம் விடுவார்கள். வரும் பணம் கோயிலுக்கு. தெருமுனையில் கிடைக்கிற அதே பூசணிக்காயை இங்கே நூறு மடங்கு விலைக்குக் கேட்போம். மலிவாக எடுத்தவன் கெட்டிக்காரன் இல்லை. அவனைப் பார்த்து எல்லோரும் 'ஐயோ பாவம்' என்பார்கள். விலையை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றுவதுதான் மரியாதை. அதற்கு எதிர்த்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு வாய்த்தவன் பிளஸ்ஸன். கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை, முப்பது வயது, வாய் மட்டும் அறுபது வயதுக்கு உண்டு. "அங்கிள், இந்த வருஷம் தார் எனக்குத்தான்" என்று ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடுவான். கடைசியில் நான் எடுப்பேன். அவன் வந்து கட்டிக்கொண்டு, தாரில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போவான்.

இந்த வருடம் மார்ச்சில் என் வேலை போயிற்று. காஞ்சன்பாக் பக்கம் ராணுவத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த சின்னக் கம்பெனி அது. ஆர்டர் குறைந்தது, முதலாளி கையைக் கழுவினார். நான் அங்கே பர்ச்சேஸ் ஆபீசர். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு திருகாணிகூட வாங்கியதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வேறு வேலைக்கு இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தால், எதிரே இருக்கிற பையன்கள் என்னை 'சார், சார்' என்று தாங்குகிறார்கள். அப்புறம் கூப்பிடுவதில்லை.

சபையில் நான் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "இப்போ வீட்டிலிருந்தே வேலை" என்றேன். இரும்புத் தகட்டை வீட்டிலிருந்தே எப்படி வாங்குவாய் என்று ஒருவரும் கேட்காததை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி ஜெயசுந்தரி பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை வீட்டில் சொன்னாள். வேலை போன அன்று சாயங்காலம் நான் பால் பாக்கெட்டில் ஆரம்பித்து மகள் எமியின் கணக்கு டியூஷன் வரை ஒவ்வொன்றாக நிறுத்தப் போவதாக அறிவித்தேன். இனிமேல் யாரையும் சாப்பிடக் கூப்பிடக் கூடாது, நாமும் எங்கேயும் போகக் கூடாது என்றும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "செலவத்தான் குறைக்கணும். நம்மளக் குறைச்சுக்கக் கூடாது" என்றாள். பெரிய பிரசங்கம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. பத்தாவது படிக்கிற எமி, தமிழில் கேட்டதற்கெல்லாம் வேறு மொழியில் பதில் சொல்கிறவள், "மம்மி கரெக்ட். டென்ஷன் நக்கோ டாடி" என்று, அதாவது கவலை வேண்டாமாம், அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள்.

மறுவாரம் விடிவதற்கு முன்னால் ஜெயசுந்தரி என்னை எழுப்பி போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லோத்குண்டாவில் எங்கள் சந்தில் உள்ள வீடுகளிலெல்லாம் பேசி, எல்லோருக்கும் சேர்த்து மொத்தமாகக் காய் வாங்கப் போகிறாளாம். அப்துல் காதர் பாயின் ஆட்டோ வெளியே நின்றது. எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எனக்குத்தான் தெரியாது.

இந்த ஊரில் பிறந்தவன் நான். அந்த மார்க்கெட்டைக் கடந்து ஆயிரம் தடவை போயிருப்பேன், உள்ளே போனதில்லை. போனதும் நின்றுவிட்டேன். லாரி லாரியாகத் தக்காளி. மலை என்று சும்மா சொல்வோமே, இது நிஜமாகவே ஏறி இறங்க வேண்டிய உயரம். பச்சைமிளகாய்க் குவியலைத் தாண்டும்போது தும்மல் வந்தது. கோஸ், பீர்க்கை, கத்தரி, கொத்தமல்லி என்று ஊரே தூங்கிக்கொண்டிருக்க, அத்தனை பேருடைய மதியச் சாப்பாடும் அங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இது தினமும் நடந்திருக்கிறது, எனக்காகவும் நடந்திருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அழுகின காயையெல்லாம் ஓர் ஓரத்தில் அரைத்து அதிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள் என்றார் பாய். நான் சிரித்தேன். அவர் கூட்டிப் போய்க் காட்டினார். குப்பைக்குப் போக வேண்டிய முட்டைக்கோஸில் விளக்கு எரிந்தது. அதற்கு எதிரே வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் அனுபவத்தைக் காட்டலாம் என்று தக்காளிக்கு மூன்று இடத்தில் விலை கேட்டேன். மூன்றாவது ஆள் சொன்னதைவிட முதல் ஆள் சொன்னது குறைவு என்று கணக்குப் போட்டுத் திரும்பி வருவதற்குள் முதல் ஆளின் சரக்கு லாரி ஏறியிருந்தது. ஜெயசுந்தரி அதற்குள் வாங்கி முடித்திருந்தாள். மூன்று கொட்டேஷன் பழக்கத்தை அத்தோடு விட்டேன். ஆனால் எந்த நேரத்துக்கு எந்த லாரி வரும், எப்போது விலை இறங்கும் என்பதை ஒரே மாதத்தில் பிடித்துவிட்டேன். தொழில் வீண்போகாது.

காய் எங்கள் மொட்டைமாடியில் இறங்கும். சந்தே மேலே வந்து பங்கு பிரிக்கும். இத்தனை வருடம் கேட்டைத் திறக்கும்போது தலையை மட்டும் ஆட்டிக்கொண்ட ஜனங்கள் கறிவேப்பிலைக்குச் சண்டை போட்டுச் சிரித்தார்கள். எதிர்வீட்டு லலிதாம்பாள் கணக்கு டீச்சர். கும்பகோணத்துக் குடும்பம், அவள் பேச்சில் பாதி தெலுங்கு. அவள் பையன் உமேஷுக்குக் கீபோர்டு மேல் ஆசை. கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவள் ஜெயசுந்தரி. இருவரும் மாடியில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே பேசி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் எமி அங்கே அல்ஜீப்ரா போட, உமேஷ் எங்கள் வீட்டில் ஒரே ஞானப்பாட்டைத் தப்புத் தப்பாக வாசித்தான். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து, எல்லோரும் மாடியில் சேர்ந்து சாப்பிட்டோம். சம்பளம் வந்த காலத்தில் போனில் ஆர்டர் பண்ணி, டப்பாவைத் திறந்து, ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அதைவிட இப்போது நன்றாகச் சாப்பிட்டோம்.

காரை விற்றோம். அது போன பிறகுதான் கண்டோன்மென்ட் சாலையில் அத்தனை மரம் இருப்பது தெரிந்தது. சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் அதன் கீழே நடந்தோம். கிழங்கு வியாபாரியோடு தெலுங்கிலும், பாயோடு உருதிலும், என்னோடு திருநெல்வேலித் தமிழிலும் ஒரே மூச்சில் பேசுகிற இந்தப் பெண்பிள்ளையை இத்தனை வருடம் நான் எங்கே பார்த்தேன் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அவளைப் பார்க்கவே பிரமிப்பாக இருந்தது. சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

செப்டம்பரில் தெரிந்த ஒருவரின் கிடங்கில் கணக்குப் பார்க்கிற அரைநாள் வேலை கிடைத்தது. வீட்டுச் செலவுக்குக் காணும். வாழைத்தாருக்குக் காணாது.

பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போய்த் தாரைக் கேட்காமல் உட்கார்ந்திருந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். கேட்டு, பாதியில் நின்றாலும் வெளியே வந்துவிடும். எல்லோருக்கும் கொடுக்கிற இடத்திலிருந்து, எல்லோரும் இரக்கப்படுகிற இடத்துக்குப் போய்விடுவேன். பட்டினிக்கு நான் பயப்படவில்லை. அந்த ஒன்றுக்குத்தான் பயந்தேன். அதனால் அந்த ஞாயிறு கோயம்புத்தூரில் கம்பெனி வேலை இருப்பதாகச் சொல்லிவிடலாம் என்று ஜெயசுந்தரியிடம் யோசனை கேட்டேன்.

"ஒரு வாழத்தாருக்குப் பயந்தா ஊரை விட்டு ஓடுதிய?" என்றாள்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினாள். நம் கையில் இருப்பது இவ்வளவு, அதுவரைக்கும் வழக்கம்போல் சத்தமாகக் கேளுங்கள், அதற்குமேல் போனால் உட்கார்ந்துவிடுங்கள், பிளஸ்ஸன் எடுத்துக்கொள்ளட்டும், அவனும் எத்தனை வருடமாக ஆசைப்படுகிறான் என்றாள். கேட்டபோது எளிதாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

பண்டிகையன்று கோயில் முழுக்க மஞ்சள் வாசனை. தூணுக்குத் தூண் கரும்பு கட்டியிருந்தார்கள். ஏலம் விடுகிறவர் துரைராஜ் அண்ணன், ரயில்வேயில் அறிவிப்புச் சொல்லி ரிட்டயர் ஆனவர், மைக் அவருக்கு அலங்காரம்தான். இரண்டு பேர் தாரைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். ஒவ்வொரு சீப்பும் திரண்டு, நல்ல தார்.

நான் எழுந்து, "ஆயிரம்" என்றேன். என் ஆரம்பம் எப்போதும் அதுதான்.

துரைராஜ் அண்ணன் ஆயிரம் என்று முழங்கிவிட்டு பிளஸ்ஸன் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆண்கள் பக்கம் முழுக்கப் பார்த்தேன். ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். பின்வரிசையில் எப்போதும் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுகிற கூட்டமும் வாயைத் திறக்கவில்லை.

"ஒருதரம்" என்றார் துரைராஜ் அண்ணன். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோருக்கும் தெரியும். மார்ச்சிலிருந்தே தெரிந்திருக்கும். இந்த ஊர்த் தமிழர்களில் ஒருவனுக்கு வேலை போனால், செய்தி கோயிலுக்கு வர ஒரு ஞாயிறு போதும். வீட்டிலிருந்தே வேலை என்று நான் அளந்தபோதெல்லாம் ஒருவரும் மறுத்துக் கேட்காதது என் சாமர்த்தியத்தால் இல்லை. இப்போது ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொண்டதுபோல், தாரை மலிவாக என் கையில் கொடுத்து அனுப்பப் பார்க்கிறார்கள். அன்புதான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்துகொண்டிருந்தது.

"ரெண்டுதரம்."

"ஆயிரத்து இருநூறு" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

கீபோர்டுக்குப் பின்னாலிருந்து ஜெயசுந்தரி எழுந்து நின்றிருந்தாள். கோயிலே திரும்பியது. துரைராஜ் அண்ணன் மைக்கைக் கீழே இறக்கி, "சிஸ்டர், இப்போ கேட்டது உங்க வீட்டுக்காரர்" என்றார்.

"தெரியும்ணே. எதிர்த்துக் கேக்க ஆள் இல்ல, அதான் நான் கேக்கேன்" என்றாள். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. "தம்பி பிளஸ்ஸன், வேல போனது எங்க வீட்டுக்காரருக்கு. ஒனக்கு ஏன் வாய் போச்சு? நாங்க நல்லாத்தான் இருக்கோம். கேளு."

இத்தனை மாதம் நான் மூடி மூடி வைத்ததை, பலிபீடத்துக்கு எதிரே, முந்நூறு பேர் நடுவில், வெண்டைக்காய் விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டு நின்றாள். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பெரிதாக எதையோ முதல்முறையாகப் பார்க்கிறவனுக்கு வருகிற திகைப்புத்தான் வந்தது. நான் கட்டியவளா இவள் என்று பார்த்தேன்.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றேன், வழக்கமான என் குரலில்.

"அங்கிள்" என்று எழுந்தான் பிளஸ்ஸன். கண் சிவந்திருந்தது. "இந்த வருஷம் விட மாட்டேன். ரெண்டாயிரம்."

பின்வரிசை உயிர்பெற்றது. யாரோ ஐந்நூறு ஏற்றினார்கள். நான் ஏற்றினேன், அவன் ஏற்றினான், துரைராஜ் அண்ணனின் சத்தம் கூரையைத் தொட்டது. எங்கள் கைக்கு எட்டிய எல்லை வந்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, அடுத்தவன் என்ன கேட்கிறான் என்பதில் இருந்தார்கள். மூன்றாம் தரம் அடித்தபோது தார் பிளஸ்ஸனுக்குப் போயிற்று. அவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தான்.

அடுத்து ஒரு பூசணிக்காயைத் தூக்கி வைத்தார்கள். அதை நாங்கள் எடுத்தோம். எங்களை எதிர்த்து நான்கு பேர் கேட்டார்கள். ஒருவரும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை.