டிஸ்க் வராவிட்டாலும் எழு

நான் கை வைத்த இயந்திரம் மறுநாள் எழாமல் போனதே இல்லை என்று கணவாய்க்கு இரண்டு பக்கமும் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்குச் சாலைத் தடுப்பருகே உள்ள காவல் அறையில் அந்தப் பீற்றலுக்கு முடிவு வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அவசர நிலையாம். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு என்கிறது.

சாலைக்கு மேலே இருக்கும் மூன்று சரிவுகளிலும் பனி நகர்கிறதா என்று கருவிகள் சொல்வதை வாங்கிக் காட்டுவது இந்தக் கணினிதான். அதைப் பார்க்காமல் தடுப்பைத் தூக்கக் கூடாது. போன வருடம் கண்ணால் பார்த்தே திறந்துவிட்டார்கள். ஒரு மாவு லாரியை இரண்டு நாள் தோண்டி எடுத்தோம்.

அன்று வெளியே நின்றது ஒரே ஒரு வேன். அதில் வந்த புருல்சுன் எஜே (மூத்த பெண்களை நாங்கள் எஜே, அக்கா, என்போம்) உள்ளே அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். கணவாய்க்கு அப்பால் தலைநகர் பிஷ்கேக்கில் உள்ள ஆஸ்பத்திரியில் அவருக்கு வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பனி கொட்டியதால் சனிக்கிழமை தவறிவிட்டது. இன்று பத்து மணிக்குள் கணவாயைத் தாண்டாவிட்டால் அவருடைய படுக்கை வேறு ஆளுக்குப் போய்விடும். தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்திருந்த கைகள் ரொட்டி மாவு போல உப்பியிருந்தன.

"என்னடி அய்கானிஷ், உன் பொட்டி தூங்குதா? நான் வேணா ஒரு தாலாட்டு பாடட்டுமா?" என்றார்.

"பாடுங்க எஜே. பாடி முடிக்கறதுக்குள்ள எழுப்பிடறேன்."

வாய்தான் சொன்னது. பைக்கே, அதாவது அண்ணன், என்று நான் கூப்பிடும் காவலர் கொச்கோர்பாய் பக்கம் திரும்பி எரிந்து விழுந்தேன். "பைக்கே, நேத்து ராத்திரி இதை என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"எப்பவும் போல அணைச்சேன் தங்கச்சி. டீசலை மிச்சம் பிடிக்கணும்ல? எட்டு மணிக்கு அணைச்சேன், பூட்டினேன், கிளம்பினேன். வேற ஒண்ணும் பண்ணலை."

திரையில் ஓடியிருந்த வரிகளைப் படித்தேன். ஒரு டிஸ்க்குக்காகத் தொண்ணூறு விநாடி காத்திருந்தேன், அது வரவில்லை, நான் மேலே போக மாட்டேன். சாரம் இவ்வளவுதான். பதிவுகளைச் சேமிக்க ஞாயிற்றுக்கிழமை நான் மாட்டிய புது டிஸ்க் அது. குனிந்து மேசைக்குப் பின்னால் பார்த்தேன். வெறும் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"பைக்கே, டிஸ்க் எங்க?"

"ஓ, அதுவா?" அவர் முகம் மலர்ந்தது. "மைனஸ் முப்பது டிகிரி குளிர். செத்துடாதா? தினம் ராத்திரி கழட்டி எடுத்துட்டுப் போற லாரி பேட்டரியோட சேர்த்து இதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். ஆட்டுத்தோல்ல சுத்தி அடுப்புப் பக்கத்துல வெச்சேன்." பிறகு முகம் மெல்லச் சுருங்கியது. "காலைல பேட்டரியை எடுத்தேன். அதை எடுக்கலை."

அவர் வீடு நாற்பது கிலோமீட்டர் கீழே. போய்வர இரண்டரை மணி நேரம்.

வேனின் ஓட்டுநர் புருல்சுன் எஜேயின் மகன். கதவருகே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் பாய்ந்தான். "அறிவிருக்கா உங்களுக்கு? எங்கம்மா உசுரு உங்க வீட்டு அடுப்பாங்கரைலயா கிடக்கு?"

கொச்கோர்பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முப்பது குளிர்காலம் பேட்டரியைக் காப்பாற்றிய மனிதர். டிஸ்க்கையும் அப்படியே காப்பாற்றியிருக்கிறார். கழற்றாதீர்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைவிடக் கேவலம் இன்னொன்று. தொடங்கும்போது எந்தெந்த டிஸ்க்கைத் தானாக இணைக்க வேண்டும் என்று இயந்திரம் பார்க்கும் பட்டியலில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். டிஸ்க் அப்போதே இணைந்தது. சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை.

"அவரைத் திட்டாதீங்க. தப்பு என்னோடது," என்றேன். சொல்லும்போது காது சுட்டது. "டிஸ்க் வேண்டாம். அது இல்லாமலே எழுப்பறேன். பத்து நிமிஷம் கொடுங்க."

கடவுச்சொல்லை அடித்தேன். பட்டியலைத் திறந்து என் வரியைத் திருத்தினேன். சேமிக்க மாட்டேன் என்றது. அவசர நிலையில் கோப்புகளைப் படிக்கத்தான் விடும், எழுத விடாது. பதற்றத்தில் அதை மறந்திருந்தேன். எழுத அனுமதிக்கும்படி முதன்மை டிஸ்க்கை மறுபடி இணைத்தேன். இந்தத் தடவை வரியை நிதானமாக எழுதினேன்: இந்த டிஸ்க் இருந்தால் இணை, இல்லாவிட்டால் ஐந்து விநாடி பார்த்துவிட்டு மேலே போ. சேமித்தது. பழைய டிஸ்க்கில் இன்னும் மூன்று நாள் பதிவுக்கு இடம் இருந்தது. போதும்.

மீண்டும் தொடங்கச் சொன்னேன். திரை இருண்டது.

புருல்சுன் எஜே நிஜமாகவே தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. திரையில் மலையின் படம் விரிந்தது. மூன்று சரிவுகளும் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கருவிகள் தம்மிடமே சேர்த்து வைத்திருந்த கணக்கின்படி இரவு முழுக்கப் பனி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"தூக்குங்க பைக்கே!"

கொச்கோர்பாய் தொப்பி போடாமலே ஓடினார். மணி எட்டு ஐம்பது.

"தாலாட்டு பாடினா எழுந்திருக்குது. உன்னை மாதிரியே கோளாறு பிடிச்சது," என்றார் எஜே. உப்பிய கையால் என் கன்னத்தைத் தட்டிவிட்டு வேனில் ஏறினார்.

பகல் முழுக்கக் கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் எழுந்தது. மாலையில் கொச்கோர்பாய் மேசைக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு அந்த டிஸ்க்கைக் கொண்டாந்துடறேன். இனிமே தொடவே மாட்டேன்."

"ராத்திரி கழட்டி எடுத்துட்டே போங்க பைக்கே. பொட்டிக்கு வெளியே தொங்கறது, குளிர்ல சாகத்தான் செய்யும். நீங்க மறந்தாலும் இது இனிமே எழுந்துக்கும்."

அப்போது கைப்பேசி அடித்தது. பிஷ்கேக்கிலிருந்து புருல்சுன் எஜே. குரல் களைத்திருந்தது, கிண்டல் மட்டும் களைக்கவில்லை.

"ஊசி குத்தியாச்சு. என் மெஷின் ஓடுதுடி. உன்னோடது?"

"ஓடுது எஜே," என்றேன்.