ஒரு ஸ்டூல் வரும்வரை

நாலுமாடிக் கடையின் படியை இனி மிதிப்பதில்லை என்று வேல்விழி முடிவெடுத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. தென்காசியில் அந்த ஜவுளிக்கடைக்கு வேறு பெயர் உண்டு; யாரும் சொல்வதில்லை.

அன்று அவளுக்குச் சேலை எடுத்துக் காட்டிய பேராச்சி நிறைமாதத்தை நெருங்கியவள். கால் வீங்கியிருந்தது. கூட்டம் குறைந்ததும் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் குமரகுரு வந்தார். "நிக்கதுக்குத்தான் சம்பளம்" என்றார். அவள் பதறி எழுந்ததும் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். வேல்விழி கையிலிருந்த சேலையை வைத்துவிட்டு நேரே காசி விசுவநாதர் சன்னதிக்குப் போய், "இனி அந்தப் படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சொல்வது எளிதாக இருந்தது. தீபாவளிக்குச் சித்தி கொடுத்த சேலை அந்தக் கடையுடையது. கட்டி முடித்த பிறகுதான் லேபிள் கண்ணில் பட்டது. வைகாசிக் கடைசியில் சாரல் திடீரென்று வலுத்தபோது, கீழ்த்தளத்தில் குடைகள் தொங்குவதைப் பார்த்து உள்ளே ஓடி ஒன்றை வாங்கியே விட்டாள். விரித்த பிறகுதான் அது எந்தக் கடை என்று நினைவு வந்தது. கோயில் வாசல் சாரலில் நனைந்துகொண்டு பூக் கட்டும் அம்மாளிடம் அதைக் கொடுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நனைந்தபடியே வீட்டுக்கு வந்தாள்.

ஆனியில் தம்பி விஜய்பாண்டிக்குக் கல்யாணம் கூடியது. பெண்ணுக்கு ஊர் சிவகிரி, பேர் உமா மகேஸ்வரி. முகூர்த்தச் சேலையில் மாப்பிள்ளையின் அக்காதான் முதலில் கை வைக்க வேண்டும் என்பது இவர்கள் வீட்டு வழக்கம். அவள் தொடாத சேலைக்குப் பில் போட மாட்டார்கள். பெண் வீட்டாரோ நாலுமாடிக் கடைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஊரே அங்கதான எடுக்கு. நீ ஒருத்தி போகலேன்னா கடையப் பூட்டிருவானாட்டி?" என்றாள் அம்மா முப்பிடாதியம்மாள்.

"பூட்ட வேண்டாம்மா. நான் போகலேன்னு சாமிக்குத் தெரிஞ்சாப் போதும்."

"குடை வாங்குனதும் சாமிக்குத் தெரியும்லா."

வேல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி சிரிக்கவில்லை.

"நீ வரலேன்னா அவுக என்ன நினைப்பாவ? அக்காவுக்குப் பொண்ணப் பிடிக்கலன்னு ஆயிரும்க்கா."

அதைத் தாங்க முடியவில்லை. போனாள். ஆனால் வாசலோடு நின்றுகொண்டாள். "சேலையக் கீழ கொண்டாரச் சொல்லுங்க. இங்கன வச்சே தொடுதேன்" என்றாள்.

இரு வீட்டாருமாகப் பதினைந்து பேர் லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் போனார்கள். சற்று நேரத்தில் நாலு பட்டுச் சேலையோடு படியிறங்கி வந்தவள் பேராச்சி. குழந்தை பெற்றுத் திரும்பியிருந்தாள். அந்த நாலும் வேல்விழிக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாலில் ஒன்று பிடித்தது. மேலே பெண் வீட்டாருக்கு அது பிடிக்கவில்லையாம். மூன்றாம் முறை இறங்கியபோது பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"லிஃப்டுல வரக் கூடாதா?"

"அது கஸ்டமருக்குக்கா."

"பிள்ள?"

"பொம்பளப்பிள்ள. ஒம்பது மாசம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க எதுக்கு உள்ள வர மாட்டேங்கீங்கன்னு தெரியல. மேல இன்னும் அம்பது சேலை இருக்கு."

வேல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்காக வெளியே நின்றாளோ, அவளையே படியேற வைத்துக்கொண்டிருந்தாள். விசுவநாதா, நீயே பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லி, பேராச்சியின் கையிலிருந்த சேலைகளைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, அவளோடு படிவழியே ஏறினாள்.

மேலே எல்லோரும் மெத்தை வைத்த ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மேடம், உக்காருங்க. காபி சொல்லவா?" என்றார் குமரகுரு.

"இந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் சொல்லுங்க அண்ணாச்சி."

"ஸ்டாஃப் உக்கார மாட்டாங்க மேடம்."

"அப்ப நானும் நிக்கேன். இவ உக்காராம நான் எந்தச் சேலையிலயும் கை வைக்க மாட்டேன்."

பெண்ணின் மாமா மாடக்கண்ணு அதட்டினார். "நாம சேலை எடுக்க வந்தோமா, பஞ்சாயத்துக்கு வந்தோமா?"

விஜய்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். தம்பியின் கல்யாணம் தன் பிடிவாதத்தால் இங்கேயே முறிந்துபோகுமோ? ஆனாலும் வேல்விழி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

உமா மகேஸ்வரி எழுந்தாள். தன் ஸ்டூலைப் பேராச்சியின் பக்கம் நகர்த்தினாள்.

"மதினி தொடாத சேலை எனக்கு வேண்டாம் மாமா."

முப்பிடாதியம்மாளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "நமக்கென்ன, நின்னே பாப்போம்" என்றாள்.

"வேண்டாம்க்கா, வேலை போயிரும்" என்று பேராச்சி முனகினாள்.

"போகாதுல்லா அண்ணாச்சி? உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு" என்றாள் வேல்விழி.

குமரகுரு விரிந்து கிடந்த பட்டுகளைப் பார்த்தார். நிற்பவர்களைப் பார்த்தார். "உக்காரும்மா" என்றார்.

பேராச்சி ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வேல்விழி ஓர் அரக்கு நிறச் சேலையின் மேல் கை வைத்தாள். உமா மகேஸ்வரி தலையாட்டினாள்.

கிளம்பும்போது குமரகுரு கைகூப்பினார். "இனிமே அடிக்கடி வாங்க மேடம்."

வேல்விழி சுற்றிப் பார்த்தாள். மற்ற மேசைகளுக்குப் பின்னால் ஆறு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாரேன் அண்ணாச்சி, சனிக்கிழமை தோறும். இவ இருக்காளான்னு பாப்பேன். ஸ்டூல் ஏழு ஆச்சான்னு எண்ணுவேன். ஆகுத வரைக்கும் வெறுங்கையோடதான் போவேன்."