ரப்பர் கதவு

அகதாவுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் அத்தனையும் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தன. ரப்பர் விலை உச்சாணிக்கு ஏறிய 1925ஆம் ஆண்டில் இது தொடங்கியது. முதல் நாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட ஆள் வராததைக் கண்டு கங்காணி உடையப்பன் லயத்துக்கு ஓடிவந்து ஒவ்வொரு கதவாக உதைத்தார். கால் வீங்கியதுதான் மிச்சம். உள்ளே அகப்பட்டவர்கள் சன்னல் வழியே கையை நீட்டி அவரிடம் நியாயம் பேசினார்கள். அகதாவுக்கு மூச்சு திரும்பியதும் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன, எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போனார்கள். மழை ஈரத்தில் பலகை உப்பியிருக்கும் என்றார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. வெயில் கொளுத்திய மாதங்களிலும் அது உப்பியது.

அகதாவின் புருஷன் சூசைநாதனுக்குத்தான் விஷயம் முதலில் பிடிபட்டது. அவள் சிறுமியாக இருந்தபோது மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவள். பிழைத்து எழுந்தாள், வளர்ந்தாள், அவனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மேட்டில் ஏறினால் உதடு நீலம் பாரிக்கும், படுத்தால் மூச்சு வராமல் சுவரில் சாய்ந்தே தூங்குவாள். மறு வருஷம் அவளை மாட்டு வண்டியில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோனான். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் குழாயை அவள் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். இருதயத்துக்குள் ஒரு கதவு இருக்கிறது, அது பழைய காய்ச்சலில் தழும்பேறி ஒட்டிக்கொண்டு, சட்டைப் பித்தான் ஓட்டை அளவுதான் திறக்கிறது என்றார். சூசைநாதன் வியப்படையவில்லை, எங்கள் லயத்திலும் அப்படித்தான் என்றான். டாக்டர் மேலும் சொன்னார்: லண்டனில் ஒரு டாக்டர் போன வருஷம் ஒரு பெண்ணின் நெஞ்சைப் பிளந்து, இருதயத்துக்குள் விரலை விட்டுக் கதவைத் திறந்தாராம், அவள் பிழைத்தும் கொண்டாளாம். அதற்குப் பிறகு அவரிடமே இன்னொரு நோயாளியை அனுப்ப அந்த ஊர் டாக்டர்களுக்கு மனம் வரவில்லையாம்.

"இஞ்சை ஒருத்தரும் துணியமாட்டினம்," என்றார் டாக்டர். சொல்லிவிட்டுத் தம் விரலைத் தாமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை கதவுகள் இறுகியபோது சூசைநாதன் வெளியே இருந்தான், அகதா உள்ளே தனியாக இருந்தாள். அவள் மூச்சுக்குத் தவிக்கிற சத்தம் பலகை வழியே கேட்டது. தள்ளினான், தோளால் இடித்தான், மாதாவைக் கூப்பிட்டான். பிறகு நிலைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஆள்காட்டி விரலை நுழைத்தான். இடுக்கு இளஞ்சூடாக, ஈரமாக இருந்தது. ஏதோ விரலைக் கவ்விக்கொண்டு துடித்தது. பயந்துபோனாலும் விரலை எடுக்காமல், மெதுவாக நெம்பி வளைத்தான். கதவு பாதி திறந்தது. உள்ளே அகதா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நிறைய மூச்சு இழுத்துச் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாகப் படுத்துத் தூங்கினாள். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே இருந்தாள். வெட்டுக்குப் போனாள், கோயிலில் பாட்டுக்கு நின்றாள், புருஷனோடு சண்டைகூடப் போட்டாள், அதையும் அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

பாதித் திறப்போடு விட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். பக்கத்து வீட்டுக் காளியம்மா நல்ல மனசுக்காரி, நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"பிள்ள வலி நின்னு போனா, வீட்டுல இருக்குற பெட்டி, பூட்டு, பானை மூடி எல்லாத்தையும் தொறந்து வைக்கிறதில்லையா, அண்ணே? பாதி தொறந்து என்னா லா பிரயோசனம்? கதவையே கழட்டிப் போட்டுருங்க. தங்கச்சிக்கு இனிமே கஷ்டம், சூசா எதுவுமே இருக்காது."

லயத்தில் எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. விடியுமுன் கங்காணி தட்டுவதற்கென்றே இருக்கிற கதவின்மேல் அங்கே யாருக்கும் பெரிய பாசம் கிடையாது. அந்தோணியார் திருவிழாவுக்கு முதல் நாள் சூசைநாதன் தன் வீட்டுக் கதவைக் கழற்றிப் பிளந்தான். மறுநாள் அந்த விறகில் சோறு பொங்கி லயம் முழுக்கச் சாப்பிட்டது. அகதாவும் ஒரு பிடி சாப்பிட்டாள்.

திருவிழா முடிந்த வாரமே லயத்தில் எந்தக் கதவும் மூடி நிற்கவில்லை. தாழ்ப்பாள் போட்டாலும் அவிழ்ந்து ஆடின. கோழிகள் அடுப்படிவரை வந்து அரிசியைக் கொத்தின. அகதாவின் கால் வீங்கியது, பிறகு வயிறு. கோழிகளைப் பற்றி ஒருத்தரும் அவள் காதுபட முணுமுணுக்கவில்லை. ஈப்போ டாக்டர் மறுபடியும் குழாயை வைத்துக் கேட்டார். இரத்தம் முன்னே போனது திரும்பிப் பின்னே வழிகிறது என்றார்.

"கதவு திறக்கிறதுக்கு மட்டுமில்லை, பூட்டுறதுக்கும்தான். இருந்த கதவை என்ன செய்தனீர்?"

எரித்துவிட்டேன் என்று சூசைநாதன் சொன்னான். வண்டியில் திரும்பும் வழியெல்லாம் அவன் அழுதான், அகதாதான் அவனைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

புதுப் பலகைக் கதவு போட்டுப் பார்த்தார்கள். நிலையில் ஒட்டவில்லை, ஒரு மணி நேரத்தில் கீழே விழுந்தது. கோணியைத் தொங்கவிட்டால் காற்றோடு போனது. கடைசியில் ரப்பரை உலர்த்தும் புகைக்கூடத்து ராமையா கண்டும் காணாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ள, சூசைநாதன் ரப்பர் ஷீட்டுகளை எடுத்துவந்து, ரப்பர் பாலால் விளிம்போடு விளிம்பு ஒட்டி, உள்பக்கமாக மட்டும் திறந்து தானாக வந்து மூடிக்கொள்ளும்படி நிலையில் ஆணியடித்தான். நிலை அதை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் காற்றே இல்லாமல் ஷீட் திறந்து மூடத் தொடங்கியது, அகதாவின் நாடி எப்படியோ அப்படி. வீக்கம் வடிந்தது. புகை நாற்றம் வீட்டை விட்டுப் போகவில்லை, அதனால் என்ன. அந்த வருஷமும் அடுத்த வருஷத்தில் பாதியும் அவள் இருந்தாள்.

ரப்பர் விலை விழுந்த 1928இல் அவளும் படுத்தாள். டாக்டர் தோட்டத்துக்கே வந்தார். கதவுக்குக் குறையில்லை, இத்தனை வருஷம் இழுத்த இழுப்பில் நெஞ்சுதான் நைந்துபோயிற்று என்றார். சூசைநாதன் புது ஷீட் கொண்டுவர எழுந்தபோது அகதா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னாங்க, கதவு நல்லாத்தான் இருக்கு. நாந்தான் அசந்துட்டேன்."

நடுப்பகலில் அவள் போய்ச் சேர்ந்தாள். நான்தானே எரித்தேன் என்று அவனும், நான்தானே சொன்னேன் என்று காளியம்மாவும் மாறி மாறி அடித்துக்கொண்டு அழுதார்கள். லயத்தின் மற்றக் கதவுகள் அன்றே வெறும் பலகைகளாகிவிட்டன. ரப்பர் கதவின் துடிப்பு மட்டும் நிற்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் அதன் முன்னால் தயங்கி நின்றபோது அது முழுக்கத் திறந்து, பெட்டி தாண்டும்வரை அப்படியே இருந்து, பிறகு பழையபடி துடித்தது.

ஆணியைப் பிடுங்கிவிடலாம் என்று கங்காணி சொன்னார். சூசைநாதன் கேட்டுக்கொண்டான், பிடுங்கவில்லை. முதல் சில நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் வெட்டுக்குப் போக வேண்டியிருந்தது, சமைக்க வேண்டியிருந்தது. இரண்டு துடிப்புக்கு நடுவே குனிந்து உள்ளே போகவும் வெளியே வரவும் பழகிக்கொண்டான்.